கடுகு டப்பாவும் நாலு நிறத் தோட்டாவும்

எங்கள் வீட்டில் மொத்தம் பதினான்கு கதவுகள். பதின்மூன்று என் மனைவி நெஸ்டாவுக்குச் சொந்தம். ஒன்றே ஒன்று எனக்கு. மாடிப்படிக்கு அடியில், சுவரோடு சேர்த்துத் திருகி வைத்த துப்பாக்கி அலமாரியின் இரும்புக் கதவு அது.

பெருமைக்காகச் சொல்லவில்லை. சட்டமே அப்படித்தான். துப்பாக்கி உரிமம் என் பெயரில் இருக்கிறது. அலமாரிச் சாவி எங்கே இருக்கிறதென்று உரிமம் உள்ளவனுக்கு மட்டும்தான் தெரியலாம். மனைவிக்குக்கூடத் தெரியக்கூடாது. என்னைக் கேட்டால், மனைவிக்கு முக்கியமாகத் தெரியக்கூடாது. வேல்ஸ் மலைச்சரிவில் முந்நூறு ஆட்டையும் ஒரு மனைவியையும் வைத்துக்கொண்டு முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்துகிறவனுக்கு, அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த ஒரே சுதந்திரம் இது. உயிரே போனாலும் அதை விட்டுக்கொடுப்பதில்லை என்று இந்த ஏப்ரலில் சபதம் செய்தேன். சபதம் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. மற்றதெல்லாம்தான் போய்விட்டது.

எல்லாம் ஒரு நரியால் வந்த வினை. கிழட்டு ஆண் நரி. வால் நுனியை எங்கேயோ வேலிக் கம்பியில் விட்டுவிட்டு வந்ததால் மொட்டைவால் என்று பெயர் வைத்திருந்தோம். போன வருஷம் ஒன்பது ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனது. எட்டை நான் மறந்துவிடுவேன். ஒன்பதாவதை மறக்க முடியாது. ஆலங்கட்டி மழையில் பிறந்து, வாயெல்லாம் சில்லிட்டுக் கிடந்த குட்டி அது. நெஸ்டா அதை என் கம்பளிச் சட்டையில் சுற்றி, சமையலறை இரும்பு அடுப்பின் கீழறையில் கதவைத் திறந்தபடி வைத்து, மூன்று நாள் புட்டிப்பால் கொடுத்துப் பிழைக்க வைத்தாள். நாலாம் நாள் தாயோடு விட்டாள். ஐந்தாம் நாள் விடிகாலையில், நான் துப்பாக்கியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மொட்டைவால் அதைக் கவ்விக்கொண்டு போனது. சுட்டேன். மண்ணில் பட்டது.

நெஸ்டா ஒரு வார்த்தை பேசவில்லை. பால் புட்டியைக் கழுவித் துடைத்து, சமையலறையின் மேல் தட்டில் வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்த வருஷம் புட்டி மறுபடியும் கீழே வந்துவிட்டது. மூன்று குட்டி போட்ட ஆட்டின் கடைசிக் குட்டி, கைக்கு அடக்கமாக, அடுப்பின் கீழறையில் கிடந்தது. நெஸ்டா அதற்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் என்ன ஆகுமோ என்ற பயம். வெளியே மொட்டைவால் ஏற்கெனவே இரண்டு குட்டிகளை முடித்திருந்தது. நான் ஏற்கெனவே இரண்டு முறை குறி தவறியிருந்தேன்.

இரண்டாவது முறை தவறிய அன்று காலை, சேற்றுப் பூட்சோடு சமையலறைக்குள் நுழைந்தேன்.

"பூட்ஸ்" என்றாள் நெஸ்டா. வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தேன்.

"மறுபடியும் தப்பிச்சிடுச்சா?"

"தோட்டா சரியில்ல."

"போன தடவை காத்து சரியில்லன்ன."

"காத்தும் சரியில்ல."

"போன வருஷம் கண்ணுல வெயில் அடிச்சுதுன்ன. நம்ம ஊர்ல."

"அன்னைக்கு அடிச்சுது."

"எம்லின், உன் பையில எத்தனை நிறத்துல தோட்டாப் பெட்டி இருக்கு?"

"மூணு. சிவப்பு, பச்சை, நீலம்."

"மூணும் ஒரே இடத்துலயா போய்ப் படும்?"

"துப்பாக்கி ஒண்ணுதானே?"

"அடுப்புகூட ஒண்ணுதான். அதுக்காகக் கேக்கும் ரொட்டியும் ஒரே நேரத்துல வெந்துடுமா? ஏதாவது ஒரு நிறத்தை எடு. காகிதத்துல அஞ்சு சுட்டுப் பாரு. எங்க படுதோ அதுக்கேத்த மாதிரி குறியைத் திருத்து. அப்புறம் செத்தாலும் பெட்டியை மாத்தாதே."

"நான் நரி சுடறவன். காகிதம் சுடறவன் இல்ல."

"இப்போதைக்கு நீ ரெண்டுமே இல்ல."

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. குறிக் கண்ணாடியைச் சிவப்புக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, ஒரு நாள் பச்சையைப் போட்டேன், மறுநாள் நீலத்தைப் போட்டேன். எடை மாறினால் குண்டு போய்ச் சேரும் இடமும் மாறும். துப்பாக்கி பிடித்த எவனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, மனைவி சொல்லிக் கேட்பது வேறு. தோட்டா விஷயத்தில் என் முடிவே முடிவு, அலமாரிக்குள் எவள் அதிகாரமும் செல்லாது என்று அந்த இடத்திலேயே பிரகடனம் செய்தேன். மனசுக்குள்தான். வாய்க்குள் அப்போது கஞ்சி இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தையில் கெத்தினைப் பார்த்தேன். ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அன்றிலிருந்து இன்றுவரை என்னைவிடப் புதிய சாமான் ஒன்று எப்போதும் அவனிடம் இருக்கும்.

"டேய் எம்லின், இன்னுமா அந்த ஈயக் குண்டைப் போட்டுக்கிட்டு இருக்க? முழுத் தாமிரத்துல வந்திருக்கு, வெள்ளிப் பெட்டி. ஊசி மாதிரி நீளமா இருக்கும். அதைப் போட்டா நரி தானா வந்து மன்னிப்புக் கேக்கும்."

"உன் நரி கேட்டுச்சா?"

"மூணு நரி. மூணும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் செத்துது."

நேரே துப்பாக்கிக் கடைக்குப் போனேன். வெள்ளிப் பெட்டியில் நூறு தோட்டா கேட்டேன். கடைக்காரர் பென்ரி என் உரிமத்தை வாங்கி அதில் எழுதிக்கொண்டே, "உங்க துப்பாக்கி கொஞ்சம் பழசாச்சே, முதல்ல இருபது வாங்கிப் பாருங்களேன்" என்றார். ஒரு கடைக்காரரே குறைத்து வாங்கச் சொல்கிறார் என்றால், அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "நூறு" என்றேன் மிடுக்காக.

அன்று மாலை சமையலறை மேஜையில் துப்பாக்கியைத் துடைத்தேன். துடைக்கும் கம்பியின் முனையில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விடுவேன். குழலின் உள்ளே சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். கம்பி உள்ளே போகப் போக அந்தச் சுருளோடு சேர்ந்து தானும் சுற்றும். குண்டுக்குச் சுழற்சி வருவது அப்படித்தான். நெஸ்டா எதிரே உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு சிவப்பு நூலை எடுத்துக் கம்பியில் முடிந்தாள்.

"அதை மறுபடியும் உள்ள விடு. மெதுவா."

"எதுக்கு?"

"பாக்கறதுக்கு நல்லா இருக்கு."

முப்பத்தொரு வருஷத்தில் நான் செய்த எந்த வேலையையும் பார்க்க நன்றாக இருக்கிறதென்று அவள் சொன்னதில்லை. தோளை நிமிர்த்திக்கொண்டு மெதுவாக உள்ளே விட்டேன். நூல் முடிச்சு ஒரு முழுச் சுற்று சுற்றி மேலே வந்ததும், "நிறுத்து" என்று சொல்லி, சட்டைக்குக் கை அளக்கும் நாடாவை வைத்துக் கம்பியை அளந்தாள்.

"பன்னெண்டு அங்குலத்துக்கு ஒரு சுத்து. முறுக்கு ரொம்பத் தளர்ச்சி."

"என்ன?"

"கம்பளி நூல் நூக்கும்போது முறுக்குப் பத்தலன்னா இழை நிக்காது. இதுவும் அப்படித்தான். நீளமான குண்டுக்கு இன்னும் இறுக்கமான முறுக்கு வேணும். கெத்தினோடது புதுத் துப்பாக்கி, அதுல இருக்கும். உன்னோடதுல அந்த வெள்ளிப் பெட்டி குட்டிக்கரணம் போடும்."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"படிச்சேன்."

"எங்க?"

"எழுத்து இருந்த இடத்துல."

துப்பாக்கியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அவள் ஆட்டுக்கொட்டகைக்குப் போகும்வரை காத்திருந்து, சாவியை அதன் இடத்தில் ஒளித்தேன். சமையலறை நடுத்தட்டில், காலியான மஞ்சள் கடுகு டப்பாவுக்குள். இப்போது உங்களிடம் சொல்வதில் தவறில்லை. அந்த இடம் பறிபோய்விட்டது.

வெள்ளிக்கிழமை நெஸ்டா சாவகாசமாக ஒரு குண்டைப் போட்டாள்.

"வாட்கின் போன் பண்ணினாரு."

வாட்கின் என்பவர் காவல்துறையில் துப்பாக்கி உரிமங்களைப் பார்க்கிற அதிகாரி. முன்பு சார்ஜண்டாக இருந்தவர். சிரித்தால் சட்டம் மீறியதாகிவிடும் என்று நினைக்கிறவர்.

"எதுக்கு?"

"வியாழக்கிழமை மூணு மணிக்கு வர்றாராம். அலமாரியைப் பாக்கணுமாம்."

"ரெண்டு வருஷம் முந்திதானே பார்த்தாரு? எதுக்கு மறுபடியும்?"

"அலமாரியைப் பாக்கத்தான்."

ஓடிப்போய் அலமாரியைத் திறந்து எண்ணினேன். சிவப்பு அறுபத்திரண்டு. பச்சை எழுபது. நீலம் ஐம்பத்தொன்பது. வெள்ளி நூறு. மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. என் உரிமத்தில் போட்டிருப்பது அதிகபட்சம் இருநூற்றைம்பது. ஒரே சந்தை நாளில், எனக்கே தெரியாமல், நாற்பத்தொரு தோட்டா அளவுக்கு நான் குற்றவாளியாகியிருந்தேன்.

இதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. இந்த அதிகாரிகள் வந்தால் அலமாரியோடு நிறுத்த மாட்டார்கள். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். புருஷனுக்குக் கோபம் வருமா, குடிப்பாரா, வீட்டில் நிம்மதி உண்டா என்று. அவள் உதட்டைப் பிதுக்கினால் போதும், பதினான்காவது கதவும் போய்விடும்.

அடுத்த ஆறு நாள் நான் நடந்துகொண்ட விதத்தை இங்கே முழுதாக எழுத மனம் வரவில்லை. பாத்திரம் கழுவினேன். அவள் தங்கையைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொன்னேன். பூட்ஸை, அவள் சொல்வதற்கு முன்பே, வெளியே கழற்றினேன். இதெல்லாம் பணிந்து போவதல்ல, தந்திரம். பணிகிறவன் மனசாரச் செய்வான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

சனிக்கிழமை அவளிடம் உண்மையைக் கக்கினேன்.

"நாப்பத்தொண்ணு கூடுதலா இருக்கு."

"அடப்பாவமே. என்ன பண்ணப்போற?"

"கெத்தின்கிட்டக் கொடுத்துடலாமா?"

"அவன் உரிமத்துல ஏறாம கொடுத்தா ரெண்டு பேரும் கம்பி எண்ண வேண்டியதுதான். சுட்டுத் தீத்துடு."

"நாப்பத்தொண்ணையுமா? எதைச் சுடறது?"

நெஸ்டா பின்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முன்னறைக்கு ஒட்டறேன்னு மூணு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கியே, அந்தச் சுவர்த்தாள் சும்மாத்தானே கிடக்கு? பின்பக்கம் வெள்ளை. கரியால வட்டம் போட்டுத் தர்றேன். தீத்ததும் ஆச்சு, அது எங்க படுதுன்னு பாத்ததும் ஆச்சு. நாப்பத்தொண்ணு வேண்டாம், அறுபதா வெச்சுக்கோ. வாட்கின் எண்ணும்போது மூச்சுவிட இடம் வேணும். நிறத்துக்குப் பதினஞ்சு."

கணக்கு சரியாக இருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் பலகை நட்டு, சுவர்த்தாளை ஒட்டி, நூறு கஜம் தள்ளிப் படுத்தேன். நெஸ்டா பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்து, தொலைநோக்கியும் பள்ளிக்கூட நோட்டுமாக என் பக்கத்தில் இருந்தாள்.

நிறத்துக்கு ஐந்து சுட்டுப் பார்ப்பது, மீதிப் பத்தைப் பிறகு தீர்ப்பது என்று ஏற்பாடு. முதலில் பச்சை. நாற்பது கிரெய்ன் எடை, இறகு மாதிரி, அசுர வேகம். பக்கவாட்டில் லேசாகக் காற்றடித்தது.

"கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றாள் நெஸ்டா. "நம்ம மலைக்காத்துக்கு இது ஆகாது."

அடுத்தது நீலம். போட்டிகளில் இலக்குச் சுடுபவர்களுக்காகச் செய்தது. அழகாகக் கூடி விழுந்தது. ஒரு பிஸ்கெட்டால் மூடிவிடலாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பாத்தியா? இதான். முடிஞ்சுது."

"அது மலராத குண்டு, எம்லின். காகிதத்துக்குச் சரி. நரி மேல பட்டா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துடும். அது நாலு வயல் ஓடிப்போய், முள்ளுக்குள்ள ரெண்டு நாள் கிடந்து சாகும். கொல்றதுன்னா ஒரே நொடியில கொல்லணும். இல்லன்னா கொல்லவே கூடாது."

இதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. நீலப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

பிறகு வெள்ளிப் பெட்டி. கெத்தினின் மன்னிப்புக் குண்டு. ஐந்து சுட்டேன். நெஸ்டா வெகுநேரம் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை சுட்ட?"

"அஞ்சு."

"மூணு இருக்கு. மூணும் படுத்துக்கிட்டுப் போயிருக்கு."

நடந்துபோய்ப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டைகள் நீள்வாட்டில், குண்டு பக்கவாட்டில் புரண்டு போன அச்சாக இருந்தன. மற்ற இரண்டும் சுவர்த்தாளையே மதிக்கவில்லை. முறுக்குப் பத்தவில்லை. நூலில் தெரிந்த விஷயம் துப்பாக்கியிலும் சரியாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது காற்றால் வந்தது.

கடைசியில் சிவப்பு. ஐம்பத்தைந்து கிரெய்ன். முனையில் ஈயம் தெரிகிற சாதாரணத் தோட்டா. கடையில் அடித்தட்டில் அழுக்குப் பெட்டியில் கிடப்பது. இதற்காகப் பெரிதாக மூச்சைக்கூட நான் பிடிக்கவில்லை. ஐந்தையும் சுட்டுவிட்டு எழுந்தேன். நெஸ்டா பலகைக்கு நடந்துபோய், தன் கோட்டின் மேல் பொத்தானை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். ஐந்து ஓட்டையும் பொத்தானுக்கு அடியில் ஒளிந்துகொண்டன.

"பட்டதும் மலரும். உடம்புக்குள்ளயே நிக்கும். காத்துக்கு அசையாது. உன் குழலுக்கும் பிடிச்சிருக்கு." நோட்டை மூடினாள். "பதினொரு வருஷமா உன் பையிலயே இருந்திருக்கு."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றேன்.

"தெரியுமே" என்றாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வாட்கின் வந்தார். நான் தேவாலயத்துக்குப் போகும் கோட்டைப் போட்டிருந்தேன். நெஸ்டா திராட்சை ரொட்டியை வெட்டி வைத்தாள். கீழறையில் குட்டி ஒரு தடவை கத்தியது. வாட்கின் அதைக் குனிந்து பார்த்தார், குறித்துக்கொள்ளவில்லை. அலமாரியைப் பிடித்து உலுக்கினார். தோட்டாக்களை எண்ணினார். இருநூற்று முப்பத்தொன்று. தலையாட்டினார். நான் மூச்சு விட்டேன்.

"சாவி எங்க இருக்குன்னு உங்க மனைவிக்குத் தெரியுமா?"

"கனவுலகூடத் தெரியாது, ஐயா."

"நல்லது. நெஸ்டா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. இவர்கிட்டத் தனியாப் பேசணும்."

எனக்கு ஏதோ இடறியது. தனியாகப் பேச வேண்டியது அவளிடம்தானே? நெஸ்டா சமர்த்தாக எழுந்து பாத்திரம் கழுவும் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள், முழுதாக அல்ல. வாட்கின் பேனாவைத் திறந்தார்.

"அவங்களுக்குக் கோபம் வருமா?"

"யாருக்கு?"

"உங்க மனைவிக்கு."

"என் உரிமத்துக்கு அவ கோபம் எதுக்கு?"

"உங்க உரிமத்துக்கு யார் வந்தா?" காகிதத்தை என் பக்கம் திருப்பினார். நெஸ்டா ப்ராதரோ. விண்ணப்பத் தேதி ஜனவரி பதினெட்டு. காரணம் என்ற இடத்தில், ஆட்டுக்குட்டிகளைக் காக்க நரி சுடுவது என்று அவள் கையெழுத்தில் இருந்தது. "உங்க துப்பாக்கியையே ரெண்டு பேரும் பொதுவா வெச்சுக்கலாம். அலமாரியும் அதுவே போதும். சொல்லுங்க. கோபம் வருமா?"

ஜனவரி. அப்படியென்றால் இந்தக் குட்டிகள் பிறப்பதற்கே முன்னால். ஒன்று பளிச்சென்று புரிந்தது. அந்த நிமிஷம் பேனா என் நாக்கின் நுனியில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. "வரும்" என்று சொன்னால் போதும். பதினான்காவது கதவு என்றென்றைக்கும் எனக்கே. முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

"வீட்டுல சண்டை வர்றதுண்டா?" என்றார் வாட்கின்.

"வரும்."

"யார் ஜெயிப்பாங்க?"

"அது... பல சமயம் மழை வந்துடும்."

"அவங்களப் பாத்து நீங்க எப்பவாவது பயந்திருக்கீங்களா?"

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டை வைக்கும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் எந்தத் தட்டையும் அவ்வளவு மெதுவாக வைத்து நான் கேட்டதில்லை. அடுப்பின் கீழறையில் குட்டி மறுபடியும் கத்தியது. மேலே பார்த்தேன். மேல் தட்டில் புட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. போன வருஷம் அவள் அதைத் துடைத்து வைத்த விதம் நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அவள் வைத்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.

"அவ பொறுமைசாலி" என்றேன். "முப்பத்தொரு வருஷம் என்னோட இருந்திருக்கா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

வாட்கின் எழுதிக்கொண்டார். "கெத்தினும் சிபாரிசுக் கடிதத்துல வார்த்தை மாறாம இதையேதான் எழுதியிருக்காரு."

அவர் போனதும் பாத்திரம் கழுவும் அறைக் கதவு திறந்தது. நான் முறைத்தேன். முடிந்தவரை முறைத்தேன்.

"கெத்தினுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது."

"நீ கேக்கலியே."

"வாட்கின் எனக்காக வர்றாருன்னு சொன்ன."

"அலமாரியைப் பாக்க வர்றாருன்னு சொன்னேன். பாத்தாரு."

"நாப்பத்தொரு தோட்டாவுக்காக நான் ஆறு நாள் தூங்கல."

"கூடுதலா இருந்தது நிஜம்தானே? காகிதத்துல சுடுன்னு போன வருஷத்துலருந்து எத்தனை தடவை சொன்னேன்? சுட்டியா?" என் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்தாள். "நீ என்னைப் பத்திச் சொன்னது காதுல விழுந்தது, எம்லின்."

அந்த ரொட்டியை நான் சாப்பிட்டேன். மன்னித்துச் சாப்பிடவில்லை. பசிக்குச் சாப்பிட்டேன்.

பத்து நாளில் அவளுடைய உரிமம் தபாலில் வந்தது. நான் மலைமேல் இருந்தேன். மதியம் இறங்கி வந்ததும், இதையாவது மரியாதையோடு செய்ய வேண்டும் என்று தீர்மானித்தேன். தோற்ற ராஜாகூடக் கோட்டைச் சாவியைத் தன் கையால்தான் கொடுப்பான்.

"நெஸ்டா, உக்காரு. பதினொரு வருஷ ரகசியம். இன்னைக்கு உனக்குக் காட்டறேன்."

நடுத்தட்டிலிருந்து கடுகு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்து, மூடியைத் திறந்தேன். டப்பா காலி.

"தபால்காரர் பத்தரைக்கு வந்தாரு" என்றாள் நெஸ்டா. "பத்தே முக்காலுக்கு எடுத்தேன்."

"இங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினொரு வருஷமாத் தெரியும். இந்தச் சமையலறையில நாப்பது டப்பா இருக்கு. நீ துடைச்சு வெக்கறது இது ஒண்ணைத்தான்."

"அப்ப இத்தனை வருஷமா..."

"விரல்கூடப் படல. பத்தரை வரைக்கும் சட்டம் சட்டம்தானே?"

மறுநாள் விடியலில் கல்வேலிக்குப் பின்னால் இருவரும் படுத்திருந்தோம். துப்பாக்கி அவள் கையில் இருந்தது. அதில் சிவப்புப் பெட்டித் தோட்டா இருந்தது. தொலைநோக்கி என் கையில் இருந்தது. கீழறைக் குட்டி முதல் தடவையாகத் தாயோடு வயலில் நின்றது. புதர்களைத் தாண்டி மொட்டைவால் இறங்கி வந்தது, சந்தைக்கு வருகிற முதலாளி மாதிரி அவசரமில்லாமல்.

"சுடு" என்றேன்.

"பின்னால குண்டு புதைய மண்ணு இல்ல. வானம்தான் இருக்கு."

"போயிடும். சுடு."

"வாயை மூடு, எம்லின்."

நான் இந்த மலையில் பிறந்தவன், இப்படிப்பட்ட பேச்சை யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். வாயை மூடினேன். நரி இன்னும் பத்தடி இறங்கியது. சரிவு அதன் பின்னால் வந்தது. குட்டியைப் பார்த்துப் பக்கவாட்டில் நின்றது. ஒரே ஒரு சத்தம். நின்ற இடத்திலேயே விழுந்தது. கால்கூட உதறவில்லை.

நெஸ்டா காலித் தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியின் தாழ்ப்பாளைத் திறந்து வைத்தாள். என் கையை அவள் கைமேல் வைத்தேன். தட்டிவிடவில்லை.

"கெத்தின் கேட்டா நான்தான் சுட்டேன்னு சொல்லட்டுமா?"

"சொல்லிக்கோ."

சாயங்காலமே சொன்னேன். கெத்தின் முழுதும் கேட்டுவிட்டு, "நீ வந்து இப்படித்தான் சொல்லுவேன்னு காலையிலயே நெஸ்டா போன் பண்ணிட்டா" என்றான்.

நான் தோற்றுவிட்டேன் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது. சாவி எங்கே என்று அவளிடம் கேட்டேன். "உனக்கும் உரிமை இருக்கு. சமையலறையிலதான் இருக்கு. நான் தேடாமலே கண்டுபிடிச்சேன், நீ தேடிக் கண்டுபிடி" என்றாள். சவால் விட்டால் நான் சும்மா இருப்பவனா? மூன்று சனிக்கிழமையாகத் தேடுகிறேன். ஒவ்வொரு டப்பாவாக இறக்கி, கொட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவி, தடயம் தெரியாமல் இருக்கத் துடைத்து, பழைய இடத்தில் வைக்கிறேன். ஓட்ஸ், சர்க்கரை, தேயிலை, உலர்ந்த பட்டாணி, எதையும் விடவில்லை. நடுத்தட்டும் கீழ்த்தட்டும் கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. நேற்று நெஸ்டா வாசலில் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என் வேலையை நிதானமாகப் பார்வையிட்டாள்.

"மேல் தட்டு இன்னும் பாக்கி இருக்கு" என்றாள்.